ஏழு நாள் மட்டும் செல்லும்

ரிச்சி தெருவில் ஹபீப் எழுதிக்கொடுத்த
கொட்டேஷன் தாளின் அடியில்
ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப்:
ஏழு நாள் மட்டும் செல்லும்.
இன்று ஐந்தாம் நாள்.

நான்காக மடித்து
கேஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.
அறுபத்து நாலாயிரத்து முந்நூறு.
முந்நூறை விடுவார்.
நாலாயிரத்தை விடமாட்டார்.
"ரேம் வெலை தக்காளி மாதிரி ஆயிடுச்சு மேடம்,
காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு"
என்று அவர் சொல்லும்போது
மானிட்டர் பெட்டியைத் தலையில் வைத்து
ஒரு பையன் எங்களுக்கு நடுவே புகுந்து போனான்.
யாரோ முடிவெடுத்துவிட்டார்கள்.

தயாபரன், பொறு என்கிறான்.
ஆடித் தள்ளுபடிக்குப் பொறு என்றான்,
ஆடி வந்தது, புடவைக்கு மட்டும்.
தீபாவளிக்குப் பொறு என்றான்.
இப்போது
தை பிறந்தால் புது சிப் பிறக்குமாம்,
பிறந்தால் பழையதின் விலை விழுமாம்.
விழும் விழும் என்று
மூன்று வருடமாகக் கீழே நின்று
முந்தானை விரித்துக்கொண்டிருக்கிறேன்.

சீட்டு எடுத்த பணம் எழுபதாயிரம்.
பணத்துக்குப் பொறுக்கத் தெரியாது.
தயாபரனின் கடைவாய்ப் பல்லுக்கு
நாலாயிரம் போய்விட்டது.

என் பெட்டிக்குப் பதினோரு வயது.
சுவிட்சைப் போட்டுவிட்டுக் குக்கர் வைப்பேன்.
நாலாவது விசிலுக்குத் திரை வரும்.
ஆல்பம் மென்பொருள் திறப்பதற்குள்
ரசம் நுரை கட்டிவிடும்.

நேற்று, அம்பத்தூர் கல்யாணம், முப்பத்தாறு பக்கம்.
மணப்பெண்ணின் நெற்றியில் ஒரு பரு.
அழிக்கப் போனேன், திரை உறைந்தது.
பாதிப் பருவோடு
இருபது நிமிடம் அவள் என்னைப் பார்த்தாள்.
இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூடத் தோன்றியது.
பிறகு அழித்தேன்.
அதற்குத்தானே காசு.

ஸ்டூடியோ டெல்பின் சொன்னாள்:
"லேப்டாப் வாங்கேன்,
ஏதாச்சும்னா தூக்கிட்டு ஓடலாம்ல."

ஓடலாம்தான்.
அந்தச் சொல்தான் இரண்டு ராத்திரியாக
ஃபேனோடு சேர்ந்து சுற்றுகிறது.

பள்ளிக்கரணை, தரைத்தளம்.
கார்த்திகையில் தெரு நிரம்பினால்
எங்கள் வீட்டில் முதலில் கட்டிலேறுவது
நானும் இல்லை, அவனும் இல்லை,
சிபியூ.
போன தடவை போர்வையில் சுற்றி
பீரோ மேல் ஏற்றி உட்காரவைத்த பிறகுதான்
ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது.
வீட்டுக்காரர் இரண்டு கோட் பெயிண்ட் அடித்தும்
தண்ணீர் நின்ற கோடு
மேசையின் இழுப்பறை உயரத்தில்
இன்னமும் மங்கலாகத் தெரிகிறது.
அக்ரிமெண்டைப் புதுப்பிக்கச் சொல்கிறார்,
பதினோரு மாதம், ஆயிரம் கூட.
அதற்கும் தயாபரன் பொறு என்கிறான்.

மடியில் வைக்கிற கணினி எந்த வீட்டுக்கும் வரும்.
மேசையில் வைக்கிறது அப்படி இல்லை.
அதற்கு ஒரு மூலை வேண்டும்,
அந்த மூலைக்கு ஒரு சுவர்,
அந்தச் சுவரில் நாளைக்கும்
என் பெயரில் கரண்ட் இருக்க வேண்டும்.
ஹபீபின் தாளில்
இதற்கெல்லாம் வரி போட்டிருக்கவில்லை.

இன்று காலை தையல் டேப்பை எடுத்தேன்.
கோட்டிலிருந்து பரண்வரை அளந்தேன்.
பரணிலிருந்து மேசைவரை அளந்தேன்.
சாய்த்துப் பிடித்தால்
இரண்டரை மீட்டர்.
பரணில் என்ன இருக்கிறது?
கொலுப் பொம்மைப் பெட்டியும்
யாரும் தொடாத மிக்ஸியும்.
நகர்த்தினால் நகரும்.

ஹபீபுக்கு போன் போட்டேன்.
விலை கேட்கவில்லை.
"மானிட்டர் வயர் மூணு மீட்டர் கிடைக்குமா?"
"மூணு மீட்டரா? சிபியூவை எங்க வைக்கப் போறீங்க மேடம்?"
"மேல."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு யாரையோ கூப்பிடுவது கேட்டது,
ஷட்டர் ஒன்று தூக்கப்படுவதும்.
"குடோன்ல பாக்கச் சொல்லியிருக்கேன்.
லைன்லயே பொறுங்க."

அடுக்களையில் இரண்டாவது விசில்.
பொறுத்திருக்கிறேன்.