ஒன்பது என்றால் தெரியவில்லை

முழுப் பட்டத்துக்குக் காசும் இல்லை, காலமும் இல்லை.
ஒற்றைப் பாடம் மட்டும் எடுக்கலாம் என்றார்கள்,
கடையில் ஒரே ஒரு முட்டை வாங்குவதுபோல.
நோய்ப்பரவல் விசாரணை. பன்னிரண்டு வாரம்.
தேறினால், கட்டணத்தில் பாதியை மன்றம் தரும்.

லெர்விக்கில் நவம்பர் மாதம்
மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
பகலெல்லாம் மீன் பதனிடும் கூடங்களில்
வெப்பமானியோடு மல்லுக்கட்டிவிட்டு
இரவு எட்டு மணிக்கு நான் மாணவி.
வயது ஐம்பத்திரண்டு.
திரையின் கட்டங்களில்
லீட்ஸிலிருந்து ஒரு பேறுகாலத் தாதி,
மால்ட்டாவிலிருந்து ஒரு சிறை மருத்துவர்,
யாருடையதோ ஒரு பூனை.
காற்று எழும்பினால் இணைப்பு அறும்.
பேராசிரியர் டெவ்லினின் வாய்
'சார்பு அபாயம்' என்பதன் நடுவில் உறைந்து நிற்கும்.
மீதியை நானே ஊகித்துக்கொள்வேன்.

இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.
யார் யார் எதைத் தின்றீர்கள் என்று
வீடு வீடாகக் கேட்டேனே,
அதற்குப் பெயர் பின்னோக்கிய குழு ஆய்வாம்.
பெயரே கேட்காமல் ஒருவரோடு
குடும்பம் நடத்தியதுபோலக் கூச்சமாக இருந்தது.

ஏழாம் வாரம் பயிற்சிக்கு ஓர் அட்டவணை வந்தது.
வடக்கே ஒரு கடலோர ஊர்,
சமூகக் கூடத்தில் ஞாயிறு தேநீர் விருந்து,
பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன.
எழுபத்தொரு வரிசை.
சால்மன் ரொட்டி, ஜாம் டார்ட், க்ரீம் கேக்.
ஒன்று என்றால் தின்றார்.
பூஜ்யம் என்றால் தின்னவில்லை.
ஒன்பது என்றால் தெரியவில்லை.

பெயரை நீக்கலாம்.
வரிசை பதினாலில் ஆறு வயதுப் பையன்
ஐந்து ஜாம் டார்ட் தின்றதை எப்படி நீக்குவார்கள்?
அந்த ஐந்து என் பேனா எழுதியது.
பதினொரு வருடம் முன்பு
மழையங்கி சொட்டச் சொட்ட வாசல்களில் நின்று
அந்தப் படிவங்களை நிரப்பினவள் நான்.

வரிசை இருபத்து மூன்று. பெண். அறுபத்தேழு.
வாந்தி ஒன்று. காய்ச்சல் ஒன்று.
க்ரீம் கேக், ஒன்பது.

அது மெரன் இஸ்பிஸ்டர்.
'கேக் சாப்பிட்டீர்களா?'
கெட்டிலின் பக்கம் திரும்பிக்கொண்டு
'ஞாபகம் இல்லை' என்றாள்.
அதைச் சுட்டது அவள் தங்கை ரூபி.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

மென்பொருள் ஒன்பதைக் கண்டால்
சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுகிறது.
விடுபட்ட தரவு
எப்போதும் தற்செயலாய் விடுபட்டதல்ல
என்கிறது கையேடு.
ஆறு தடவை படித்தேன்.
மெரன் இல்லாமலே கேக்தான் குற்றவாளி.
அபாயம் ஏழு மடங்கு.
அவள் வாய் மூடியது யாரையும் காப்பாற்றவில்லை.
ரூபி அதற்குப் பிறகு
கூடத்துக்கு ஒரு பிஸ்கட்கூடச் சுட்டுத் தரவில்லை.

இதையெல்லாம் எழுத இரண்டாயிரம் சொல் போதாது.
அடிக்குறிப்பு ஒன்று மட்டும் போட்டேன்:
வரிசை இருபத்து மூன்று மறதியாக இருக்காது.
டெவ்லின் ஓரத்தில் கேட்டிருந்தார், 'ஆதாரம்?'
அறுபத்திரண்டு மதிப்பெண்.

டிசம்பர். கூட்டுறவுக் கடையில்
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் மெரன்.
'படிக்கிறாயாமே, ஓஸ்லா?'
'ஒரே ஒரு பாடம்.'
'எதைப் பற்றி?'
'கேள்வி கேட்பதைப் பற்றி.'
ஒரு மூட்டையின் விலைச்சீட்டையே
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நானும் ஒன்றும் பேசவில்லை.
'ரெண்டு துண்டு' என்றாள்.
'முதல் துண்டே ஒரு மாதிரி இருந்தது.
ரூபி பார்த்துக்கொண்டே நின்றாள்.
அதனால் இன்னொன்று எடுத்தேன்.'
பிறகு, கேரட் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

அலுவலகப் படிவம் மேசையில் கிடக்கிறது.
கற்றதைப் பணியில் எவ்வாறு பயன்படுத்துவீர்கள்?
இரண்டு வரி இடம்.
கேட்ட பிறகு கொஞ்சம் காத்திருப்பேன்
என்று எழுதினேன்.
பிறகு அதை அடித்துவிட்டு
மாதிரி சேகரிப்பு, தரவுத் தரம் என்று ஏதோ நிரப்பினேன்.
பாதிக் கட்டணம் வந்தாக வேண்டுமே.