உவர்

தவறணையைக் கடக்கையில் மட்டும்
ஆண்டவரே, உம்மைக் கூப்பிடுவேன்.
வட்டுக்கோட்டைச் சந்தி தாண்டும்வரை
ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ஜெபம்.
ஏழு வருசம். ஒருநாளும் கைவிடவில்லை நீர்.

மோட்டர் பூட்டுகையில்
உம்மை நினைத்ததேயில்லை.
சத்தத்தை வைத்தே பழுது சொல்லுவன்;
என் கைக்கு எதுக்கு ஜெபம்?

போன சித்திரை,
ஞானரத்தினம் ரீச்சர் வீட்டுக் கிணறு.
ஒரு குதிரைவலு காணும் என்றார்.
இரண்டு பூட்டினேன், கெட்டித்தனம் காட்ட.
மூன்றாம் கிழமை
நன்னீருக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்த கடல்
ஏறி வந்துவிட்டது.
ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
கரித்த தேத்தண்ணியை
எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்து
எதிரே இருந்து தானும் குடித்தார்.

இப்போது ஸ்பானரை எடுக்கமுன்
தொப்பியைக் கழற்றுகிறேன்.
வேர்வைக்கு என்று நினைக்கட்டும் பார்ப்பவர்கள்.

தவறணைப் பக்கம் இன்னும் பயம்தான்.
அந்தப் பயத்தை எடுத்துவிடாதேயும்.
எனக்குள் கிடக்கிற நல்ல தண்ணீர்
அந்த மெல்லிய படை மட்டும்தான்.

கார்த்திகை மழைக்கு இன்னும் நாள் கிடக்கு.
மோட்டரைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.
ரீச்சர் வாளியால் அள்ளுகிறார்,
பாதி வாளி,
பிறகு கொஞ்சம் பொறுத்து
இன்னும் பாதி.