முதுகின் அகலம்

தொண்ணூற்றேழில் அவர் வெறும் தோங் யன்ஷூ.
பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் கிடையாது.
ஃப்ரைபுர்க்கில், ட்ராம் திரும்பும் முனையில்,
நகல் எடுக்கும் கடையில் எனக்கு இரவு முறை.
மழைக்கோட்டின் பொத்தான்களுக்குள் ஒளித்து
ஆய்வேட்டைக் கொண்டுவந்தார்.
ஐந்து படிகள். கருநீல அட்டை.
நானூற்றுப் பன்னிரண்டு தாள், முதுகு நாலு சென்டிமீட்டர்.
பொருள்: தீர்ப்புக்கு முன் ஒரு மனிதனை
எத்தனை நாள் அடைத்து வைக்கலாம்.

பசை காயும் வரை சும்மா நிற்கத் தெரியாதவர்
என் மேசையில் கிடந்த கடிதத்தைத்
தலைகீழாகவே படித்து முடித்தார்.
அகதி மனு தள்ளுபடி.
நான் அதை முதல் பக்கத்தோடு மூடி வைத்திருந்தேன்,
அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது என்று.
அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.
பென்சிலால் ஒரு வட்டம்: பதினாலு நாள்.
"பெரிய சொற்களில் சட்டம் குடியிருப்பதில்லை,
எண்ணைத் தேடுங்கள்."
முறையீட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.
இன்றைக்கும் நான் இங்கே இருப்பது
அந்த ஐந்து நாளில்தான்.

போகும்போது தெருவோர நீர்க்கால்வாயைத்
தத்தித் தாண்டினார்.
தெரியாமல் அதில் கால் வைத்தவர்
இந்த ஊரில் கல்யாணம் கட்டுவார் என்பது இங்குள்ள பேச்சு.
அவர் சப்பாத்து நனையவில்லை.

பிறகு வருஷத்துக்கு ஒரு அட்டை.
துணைப் பேராசிரியர். பேராசிரியர்.
வரைவுக் குழு உறுப்பினர்.
ஏதோ ஒரு அலுவலகத்தின் இரண்டாம் தலைவர்.
அட்டை தடித்தது, பட்டம் நீண்டது,
கையால் எழுதும் வரி குறுகிக் குறுகி
வெறும் கையொப்பமாகி,
ஒரு தை மாதம்
அதுவும் அச்சாகி வந்தது.

அவருடைய பாடநூலும் வரும், பதிப்புக்குப் பதிப்பு.
எனக்குச் சீனம் தெரியாது.
முதுகை அளக்கத் தெரியும்.
முதல் பதிப்பு மூன்றரை.
இரண்டாவது மூன்று.
மூன்றாவதில் முகப்புப் படங்கள் கூடியிருந்தன,
ஆனாலும் இரண்டே முக்கால்.
தாளின் தரம் உயர்ந்ததென்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
உயர்ந்துதான் இருந்தது.

போன ஐப்பசியில் துணை அமைச்சராக வந்தார்.
மோட்டார் சைக்கிள் ஆறு, கறுப்புக் கார் மூன்று.
இப்போது எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை,
பெரிய மண்டபத்தின் ஒலிப்பலகை.
காரிலிருந்து இறங்கி, கால்வாயைக் குனிந்து பார்க்காமலே,
பழைய தத்தலோடு தாண்டினார்.
உடம்பு மறக்கவில்லை. மற்றது எனக்குத் தெரியாது.

மேடையில் அவர் ஜெர்மன் கதைக்கவில்லை.
பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர், இளைஞன், வியர்த்திருந்தான்.
மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்:
"ஒருவரை எத்தனை நாள், ஐயா?"

சீனத்தில் நீண்ட பதில்.
அதில் 'சட்டத்தின்படி' நாலு முறை வந்தது,
ஜெர்மனாகி வந்தபோது எண்ணினேன்.
எண் ஒன்றுகூட வரவில்லை.
கடைசியில் இளைஞன் ஒரு சொல்லைத் தேடித் திணறி
'தங்கவைத்தல்' என்றான்,
விருந்தினருக்குச் சொல்வதுபோல.

அப்போது என் காதுக்கருவியில்,
மூச்சைவிடச் சற்றே உரத்து,
அவருடைய ஒலிவாங்கியிலிருந்து ஒரு சொல்:
"ஹாஃப்ட்."
சிறை.
பிழை திருத்தும் ஆசிரியனின் குரல்.
தானாக வாயில் வந்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

மண்டபம் கேட்டிருக்காது.
கேட்டிருக்கவும் கூடும், இன்னொரு முறை சொன்னால்.
என் விரல் பலகையில் இருந்தது.
ஏழாம் எண் கம்பியைக்
கீழே இழுத்தேன், முழுவதும்.

கைதட்டல். பூங்கொத்து.
நூலகத்துக்கு நான்காம் பதிப்பு, பொன் எழுத்தில்.
எல்லாரும் போனபின்
அடிமட்டத்தோடு அதன் முன் நின்றேன்.
அளக்கவில்லை.