எண்பது கதிரை, ஆறு மணி

இரவில் நிப்பாட்டினால் காலையில் எழும்பாது.
ஒருக்கா எழும்பிவிட்டால் பகல் முழுக்க
முகத்துவாரத்துக்கும் கிராண்ட்பாஸுக்கும்
சலிக்காமல் ஓடும்.
இதுதான் வருத்தம்.
நாற்பத்திரண்டு ஸ்ரீ, டீசல் ஹைலக்ஸ்,
என்னைவிட ஆறு வயது இளசு.

ஒழுங்கையில் ஆளுக்கொரு வைத்தியம்.
பெட்டரி என்றார் தேத்தண்ணிக்கடை நிஸ்தார்.
தவணைக்கு வாங்கினோம்.
ஸ்டார்ட்டர் என்றான் த்ரீவீல் ரொஷான்.
பஞ்சிகாவத்தையில் கடைக்காரன்
பழையதைக் கையில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு
"இது நல்லாத்தானே இருக்கு நங்கி" என்றபடியே
இன்னொன்றை விற்றான்.
ஹீட்டர் பிளக் நாலும் என்றது
யாரென்று நினைவில்லை, காசு மட்டும் நினைவிருக்கு.
கிளமென்ட் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று கிழமையாக அவர்
கறியில் உப்புக் கூட என்றுகூடச் சொல்வதில்லை.

கதிரை வாடகை எழுதுகிற கொப்பியின்
பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.
திங்கள், எழும்பவில்லை. மழை.
செவ்வாய், எழும்பவில்லை. மழை இல்லை.
புதன், அதேதான்.
வியாழன், ஒரே அடியில் ஸ்டார்ட்.

வியாழனுக்கு என்ன வந்தது?
புதன் இரவு றோட்டில் ஒரு மணல் லொறி.
ரிவர்ஸ் வெட்ட இடமில்லாமல்
ஆற்றுப் பக்கம் மூக்கை விட்டபடியே
சரிவில் நிப்பாட்டினேன்.
மற்ற நாளெல்லாம் மூக்கு மேட்டைப் பார்க்கும்.
கீழே வெற்றுக் காணியில் மதில் எழும்பின நாளிலிருந்து
திருப்ப வழியில்லை,
பின்பக்கமாகத்தான் உள்ளே வருகிறேன்.

மூக்கு மேலே என்றால் டேங்க் கீழே.
இரவு முழுக்க டீசல்
சத்தமில்லாமல் டேங்குக்கே திரும்பிப் போகிறது.
போக விடுவது யார்?

பழைய சாரத் துண்டால் பைப் முழுக்கத் துடைத்தேன்.
விரலை மணந்து பார்த்தேன். ஈரமில்லை.
பிறகுதான் உறைத்தது,
இழுக்கிற பக்கத்து ஓட்டை சிந்தாது.
காற்றைக் குடிக்கும், அவ்வளவுதான்.
கீழே ஒரு துளி இராது.

மதில் கட்டின சுனிமல் பாஸிடமே போய்
தண்ணி மட்டம் பார்க்கிற ட்யூபில்
ஒரு முழம் கேட்டேன்.
எதற்கென்று கேட்காமல் வெட்டித் தந்தார்.
பில்டருக்கும் பம்புக்கும் நடுவே அதை மாட்டி
கையால் அமுக்கினேன்.
கிளமென்ட் போன் வெளிச்சம் பிடித்தார்,
வழக்கம்போல் என் கண்ணுக்குள்.
"ட்யூபுக்கு" என்றேன்.
ட்யூபுக்குள் ஜவ்வரிசி ஜவ்வரிசியாகக்
குமிழிகள்.

பிறகு மல்லாந்து படுத்து
குமிழி வருகிற வழியே பின்னுக்குப் போனேன்.
டேங்குக்குக் கிட்ட, ஹோஸின் நுனியில்
கிளிப் கடித்த இடம்.
நகக்கீறல் அளவு வெடிப்பு.

"அந்தக் கிளிப் நான் இறுக்கினது" என்றார்.
"தைப்பொங்கலுக்கு முதல் நாள்.
கூட இறுக்கிப்போட்டன்."

நான் கேட்டது,
"பிளேட் இருக்கா?"

இரண்டு அங்குலம் வெட்டினோம்.
மிச்சம் மட்டுமட்டாக எட்டியது.
கிளிப்பை அவரே பூட்டினார்,
ஸ்க்ரூட்ரைவரைக் கடைசித் திருகுக்கு முன்னால்
எடுத்துவிட்டார்.
முப்பது தடவை அமுக்க பம்ப் இறுகியது.
ட்யூபில் தேன் நிறம், குமிழி இல்லை.

மணி பதினொன்றரை.
காலை ஆறுக்கு மட்டக்குளியில் செத்தவீடு,
எண்பது கதிரை.
"இண்டைக்கு மட்டும் மூக்கைக் கீழே விடுவம்" என்றார்.
அப்படி விட்டால் எழும்பும்,
சுகமானதா என்று தெரியாது.
மேட்டைப் பார்க்கவே நிப்பாட்டினேன்.
நித்திரை வரவில்லை. அவருக்கும்தான்.
இரண்டு பேரும் நித்திரை மாதிரிக் கிடந்தோம்.

ஐந்து இருபதுக்குச் சாவி.
ஹீட்டர் லைட் அணையும் வரைக்கும் எண்ணினேன்.
எழும்பியது.
கறுப்புப் புகையில் எதிர்வீட்டுப் பூனை
மதிலுக்குப் பாய்ந்தது.

பின்னால் கதிரை அடுக்குகிற சத்தம்.
பிறகு அவருடைய குரல்,
மூன்று கிழமைக்குப் பிறகு சத்தமாக,
கொஞ்சம் எரிச்சலாக:
"எழுபத்தெட்டுத்தான் இருக்கு.
மற்ற ரெண்டும் எங்க?"

எஞ்சினை நிப்பாட்டாமல்
நிஸ்தாரின் கடைக்கதவைத் தட்டப் போனேன்.