கதவுக்கு ஒரு வரி

மண்டபம். நண்டுக் கிடங்கு.
குளிர்ச்சுமைப் படிவத்தில்
கதவுக்கு ஒரே வரி:
பரப்பு, தடிமன்,
மணிக்கு எத்தனை முறை திறக்கும்.

நாலு என்று போட்டேன்.
மூன்றரை டன் போதும் என்றது கணினி.

கூடை இறக்கிய ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.
"படகு அடஞ்சா அது கதவு இல்ல சார்,
வழி."

விடியலில் நின்று எண்ணினேன்.
நாற்பத்தொன்றுக்கு மேல்
எண்ண ஒன்றுமில்லை.
அடியில் செங்கல் கொடுத்திருந்தார்கள்.
ரப்பர் விளிம்பை உப்பு தின்றிருந்தது.
கச்சான் காற்று என்னை இடித்துக்கொண்டு
உள்ளே போனது.

மேற்கே, வரைபடத்தில் இல்லாத சன்னல் ஒன்று;
கணக்கர் படகு பார்க்க உடைத்தது.
கண்ணாடி கிடையாது,
சாக்குக்கு வெப்பக்கடத்தல் எண்
எந்த அட்டவணையிலும் இல்லை.

ஆறு டன் என்றேன்.
லியாகத் முதலாளி
நெடுநேரம் தாளைப் பார்த்தார்.
"அந்தச் செங்கல எடுத்துட்டா?"