பதினோரு புள்ளிகள்

வெய்யோ லெஹ்தொலா என்னைவிடப்
பதினான்கு வயது மூத்தவர்.
காகித ஆலை மூடும்வரை அங்கே மின்பணியாளர்.
இப்போது என் முதல் முனைவர் பட்ட மாணவர்.
படிவத்தில் எங்களுக்கு ஒரு கட்டம்,
ஆளுக்கொரு கையெழுத்து.

ஔலுவுக்கு வடக்கே சதுப்பில்
பாசிமேல் கவிழ்த்த ஆறு பெட்டிகள்.
மண் விடும் மூச்சில் மீத்தேன் எவ்வளவு என்று
பத்து நிமிடத்துக்கொரு தடவை எண்ணுகிறோம்.

ஜூலையில் பதினோரு புள்ளிகள்
கோட்டை விட்டு எகிறின.
"உணரிக் கோளாறு. நீக்கிவிடுங்கள்"
என்று ஓரத்தில் சிவப்பில் எழுதினேன்.
எழுத நான்கு நொடிகூட ஆகவில்லை.

அந்தக் கோடு என்னுடையது.
என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்,
ஐந்து குளிர்காலம்.
இந்த அறை, இந்த ஜன்னல்,
கதவில் என் பெயர்,
எல்லாம் அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கின்றன.

அவர் மூச்சை உள்ளிழுத்தபடி "யோ" என்றார்.
எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று பொருள்.
காதில் விழுந்தது என்று மட்டுமே
பொருள்படுவதும் உண்டு.

மறுவாரம் மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
பென்சில் எழுத்து,
நடுவில் அறைபட்ட கொசு ஒன்று.

"02.40. காற்றழுத்தம் இறங்குகிறது.
மூன்றாம் பெட்டியில் குமிழி. கண்ணால் பார்த்தேன்.
03.10. மறுபடியும்.
உணரியைக் கழற்றிச் சோதித்தேன்.
உணரி நலம்."

உணரி நலம்.
கடிதத்தில் வீட்டார் நலம் எழுதுவதுபோல.

கதவைச் சாத்திக்கொண்டேன்.
பழைய வன்தட்டில் ஒரு கோப்புறை,
பெயர் 'நீக்கியவை'.
ஒன்பது வருடம் திறக்கவில்லை.
உள்ளே நாற்பத்திரண்டு புள்ளிகள்.
நீக்கு என்று அன்றைக்கு எனக்கு
யாரும் சிவப்பில் எழுதவில்லை.
நானேதான்.

வானிலைப் பதிவை எடுத்து
தேதி தேதியாக ஒப்பிட்டேன்.
முப்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வியாழன் காலை ஒன்பது மணி, வாராந்தரச் சந்திப்பு.
நடைவழியில் வாக்கியத்தை
இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
ஒன்றில் நான் பெருந்தன்மையானவள்.
இன்னொன்றில் காரணங்கள் இருந்தன.
உள்ளே போய்
இரண்டையும் சொல்லாமல்
"நான்காம் அத்தியாயம் தவறு" என்றேன்.
"இதழுக்கு எழுதிவிடுகிறேன்.
புதிய கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையது."

அவர் காபியைக் கலக்கினார்.
சர்க்கரை போடாத காபி.

என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.
ஒரு தலையசைப்பு,
அல்லது என்னை மன்னிக்கும் ஏதோ ஒன்று.
நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
இரண்டு தேதிகளுக்கு அடியில் கோடிட்டார்.

"பதினொன்றில் ஒன்பதுதான் சரி.
ஐந்தாம் பெட்டியின் இந்த இரண்டும்
பேட்டரி மாற்ற நான் போன நாள்.
பலகையில் கால் வைத்தேன், சதுப்பு அமுங்கிற்று.
மண் தானாக விட்டதில்லை.
என் எடை.
இவற்றை நீக்கிவிடலாம்."

நீக்கினோம்.
எதனால் என்பதையும் எழுதி வைத்தோம்.
அந்த வரியில்
அவருடைய எடையையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்:
தொண்ணூற்று நான்கு கிலோ,
ரப்பர் காலணியோடு.