ஆறாவது பெயர்

தானியக் கோபுரம் தாண்டி
இடது பக்கம் ஒடித்தால் கல்லூரி.
மூன்று கட்டடம், ஒரு கொடிக்கம்பம்,
தென்காற்று தள்ளித் தள்ளி
வடக்கே சாய்ந்துவிட்ட எட்டு மரம்.
இரண்டு வருடப் படிப்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால்
கிழக்கே ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.
கன்சாஸின் இந்த மூலையில் எங்களுக்கு வாய்த்தது இதுதான்.

நாற்பது மைலிலிருந்து வருகிறேன்.
இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
பூட்ஸைக் கார் டிக்கியில் எறிந்துவிட்டு
பெட்ரோல் பங்க் கழிப்பறையில் முழங்கைவரை கழுவியும்
அந்த வாடை எனக்கு முன்பே போய்
முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.
யாரும் மூக்கைச் சுளித்ததில்லை.
மார்லிஸுக்குப் பால்பண்ணை, எஃப்ரயினுக்கு டீசல்.
மற்ற இருவர் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள்;
அவர்கள் மீது சோப்பு வாசனை,
அதுதான் கொஞ்சம் விநோதமாக இருக்கும்.

எனக்கு முப்பத்தாறு. பின்னங்களை
என் மகளின் நோட்டிலிருந்து திருடிக் கற்றேன்.
நர்சிங்கில் சேர வேதியியல் தேறியிருக்க வேண்டும்.
அந்த வகுப்பு நடக்க ஆறு பேர் வேண்டும்.
ஐந்து பேர் இருந்தோம்.

பதிவு அலுவலகக் கண்ணாடியில்
ஒட்டியிருந்த தாளில் கோபமே இல்லை:
'வெள்ளிக்குள் ஆறு பேர் சேராவிட்டால் ரத்து.
அடுத்த வகுப்பு அடுத்த ஆகஸ்டில்.'
ஆகஸ்ட் வரை எண்ணிப் பார்த்தேன்,
எத்தனை இரவு, எத்தனை மாடு.
எங்கள் ஊர் ஆறு
பாலத்துக்கு அடியில் வெறும் மணலாகக் கிடக்கிறது.
பெயர்ப்பலகை மட்டும் நனையாமல் நிற்கிறது.
ஆற்றுக்கும் போக்கில்லை,
ஆறுக்கும் போக்கில்லை.

லவெர்ன் நடைக்கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
துடைப்பத்தை வாளியில் நட்டுவிட்டு
'எத்தனை குறையுது?' என்றார்.
'ஒண்ணு.'
வேறெதுவும் கேட்கவில்லை.
ஊழியருக்கு வருடம் ஒரு பாடம் இலவசமாம்.
இருபத்திரண்டு வருடமாக அவர் தொடாத சலுகை.
பதிவுப் பெண் முழுப் பெயர் கேட்டபோது
எழுத்து எழுத்தாகச் சொன்னார்:
லவெர்ன் அலோய்சியஸ் ட்ரைலிங்.
'இருபதாம் நாள் தலை எண்ணுவாங்க.
அதுவரைக்கும் உட்காருவேன். மறுநாள்
என் பேரை அடிச்சுடுங்க.'

உட்கார்ந்தார். கடைசி வரிசை, கதவோரம்.
இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றி
சத்தம் வராமல் தொப்பிக்குள் வைப்பார்.
புத்தகம் வாங்கவில்லை. சில நாள் தூங்கினார்.
முதல் தேர்வில் நான் நாற்பத்தொன்பது;
அவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்,
அழகான கையெழுத்து.

பதினாறாம் நாளோ பதினேழோ,
ஹாவர்காம்ப் அம்மையார்
(மூன்று ஊர்க் கல்லூரிகளுக்கு ஒரே கார், ஒரே கோட்)
கேள்வி உண்டா என்று பழக்கத்தில் கேட்டார்.
பின்னாலிருந்து ஒரு கை.
'ஒரு தடவை கழிப்பறையில
பிளீச்சையும் அம்மோனியாவையும்
ஒரே வாளியில ஊத்திட்டேன்.
ஒரு வாரம் சரியா மூச்சு விட முடியல.
உள்ளே என்னதான் ஆச்சு?'

அம்மையார் சாக்பீஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.
பாடத்தில் இல்லாத ஒரு சமன்பாட்டைப்
பலகையின் இந்த முனையிலிருந்து
அந்த முனைவரை எழுதினார்.
லவெர்ன் எழுந்து முன்னால் வந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தன் நெஞ்சுக்குள் போனதை
அணு அணுவாகப் பார்த்தார்.
'ஓ' என்றார். அவ்வளவுதான்.
நான் தப்பில்லாமல் எழுதிய முதல் சமன்பாடு அது.

இருபதாம் நாள் எண்ணினார்கள். ஆறு.
இருபத்தொன்றாம் நாள் சொன்னபடியே பெயர் இல்லை.
அந்த நாற்காலியை நாங்கள் தொடவில்லை என்று சொல்ல ஆசை;
உண்மையில் எஃப்ரயின் அதில் கால் நீட்டிக்கொள்கிறான்.

காலை எட்டேகாலுக்கு
வாளியின் சக்கரம் வெளியே கிறீச்சிட்டு வரும்.
எங்கள் கதவருகே நின்றுவிடும்.
ஹாவர்காம்ப் திரும்பிப் பார்ப்பதில்லை.
குரலை மட்டும்
கொஞ்சம் உயர்த்துவார்.